நெற்றியில் ஏறிய விளக்கு

இரவில் மலை ஏறுபவனுக்கு எத்தனை கைகள் வேண்டும்? ஒரு கை மூங்கில் தடிக்கு. மற்றொரு கை பாறையைப் பற்றிக்கொள்ள, அல்லது தடுமாறும் தோழனைத் தாங்க. அப்படியானால் விளக்கைப் பிடிப்பது எந்தக் கை?

மாசி முதல் வைகாசி வரை, கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் ஓர் இரவு நின்று பார்த்தவர்கள் இதை வெறும் விடுகதையாக எண்ணமாட்டார்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறித் தொழ வருவோரில் எங்கள் திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் வட்டாரத்தினர் ஏராளம். பனியன் கம்பெனியில் சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்கிய கையோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். பகல் வெயிலுக்கு அஞ்சியும், உச்சியில் கதிரவன் உதிப்பதைக் காணும் ஆவலாலும் இரவிலேயே ஏறுவது வழக்கம். ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ஏறி இறங்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கற்படிகளில் ஒன்று ஒரு சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். கீழிருந்து பார்த்தால் மலைச்சரிவில் ஒளிப்புள்ளிகள் எறும்புச் சாரைபோல் நகர்வது தெரியும். அப்புள்ளிகளில் மிகப்பல, கையில் பிடித்த செல்பேசிகள்.

செல்பேசியை விளக்காக்கியவுடன் ஒரு கை போயிற்று. நள்ளிரவு தாண்டுவதற்குள் அதன் மின்கலமும் தீரும். அதோடு, ஆபத்து நேர்ந்தால் பிறரை அழைக்கும் வழியும் போகும்.

இதை உணர்ந்த மாணவர்கள் சிலர் மலைக்குப் புறப்படுமுன் என்னிடம் வந்து, "சார், தலையில் மாட்டும் லைட் வாங்கப் போகிறோம். எத்தனை லூமென் வாங்கலாம்?" என்று கேட்பதுண்டு. கடைக்காரரும் அந்த எண்ணைத்தான் சொல்கிறார். அட்டைப்பெட்டியிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் இந்த விளக்கை நெற்றிக்கு ஏற்றியவர்கள் முதலில் கேட்ட கேள்வி வேறு. அவர்கள் மலை ஏறியவர்களும் அல்லர். பூமிக்கு அடியில் இறங்கியவர்கள்.

சுரங்கத்திலிருந்து

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்குக் கூலி, அவன் வெட்டிய கரியின் எடைக்கு. கடப்பாரையோ கொத்துளியோ, இரு கைகளும் வேலையில் இருந்தாக வேண்டும். 1815-இல் ஹம்ப்ரி டேவி உருவாக்கிய காப்பு விளக்கு புகழ் பெற்றதுதான். கம்பி வலையால் சுடரைச் சூழ்ந்து, சுரங்க வாயு பற்றாமல் தடுத்தது அது. ஆனால் அதைக் கையில் தூக்க வேண்டும். அல்லது எங்காவது மாட்டி வைக்க வேண்டும். 1850-ஐ ஒட்டி ஸ்காட்லாந்துச் சுரங்கங்களில் வேறொரு விளக்கு வழக்குக்கு வந்தது. சிறு தேநீர்க் கெண்டி போன்ற தகரப் பாத்திரம்; அதன் மூக்கில் ஒரு திரி; பின்புறம் ஒரு கொக்கி. தொப்பியின் முன்பக்கம் அதை மாட்டிக்கொண்டார்கள். வெளிச்சம் சொற்பம், புகையோ அதிகம். ஆயினும் அது கைகளை விடுவித்தது. நெற்றி விளக்கின் வம்சாவளி இந்தக் கெண்டியில்தான் தொடங்குகிறது எனலாம்.

அடுத்த படி வேதியியலிலிருந்து வந்தது. ஹம்ப்ரி டேவியின் உறவினரான எட்மண்ட் டேவி 1836-இல் அசெட்டிலீன் வாயுவைக் கண்டறிந்தார். கால்சியம் கார்பைடும் நீரும் சேர்ந்தால் இந்த வாயு எழும் என்பதை 1862-இல் வோலர் காட்டினார். 1892-இல் தாமஸ் வில்சன் என்னும் கனடா நாட்டவர் மின்னுலையில் அலுமினியத்துக்கு வழி தேடி, தற்செயலாகக் கால்சியம் கார்பைடை மலிவாகச் செய்யும் முறையைக் கண்டார். 1900-இல் பிரெடரிக் பால்ட்வின் அமெரிக்காவில் கார்பைடு விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் அது சைக்கிளுக்கு. விரைவிலேயே சுரங்கத் தொப்பிக்கும் வந்துவிட்டது.

அதன் அமைப்பு வெகு எளிது. மேல் அறையில் நீர், கீழ் அறையில் கார்பைடுக் கற்கள். ஒரு திருகைத் திறந்தால் நீர் சொட்டுச் சொட்டாக விழும். அசெட்டிலீன் எழுந்து நுண்துளை வழியே வெளியேறி வெண்சுடராக எரியும். பின்னால் ஒரு பளபளப்பான கிண்ணம் அந்த ஒளியை முன்னே திருப்பும். நீர்த்த சுண்ணாம்பு கீழே தங்கும். ஒரு முறை நிரப்பினால் சில மணி நேரம் எரியும். மாற்றுக் கார்பைடை டப்பியில் வைத்துக்கொண்டால் இரவு முழுவதும் கவலையில்லை. கார்பைடு உங்களுக்குத் தெரியாத பொருளன்று. மாம்பழத்தைச் செயற்கையாகப் பழுக்க வைக்கச் சிலர் ஒளித்துவைக்கும் அதே 'கல்'தான். பழத்துக்கு அதைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது.

மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர்களுக்கும் இந்த விளக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. ரப்பர்ப் பால் நன்றாக வடிவது காலைக் குளிர்ச்சியில். ஆகவே விடியுமுன்பே மரம் சீவப் போக வேண்டும். ஒரு கையில் சீவும் கத்தி, மறு கையில் வாளி, விளக்கு தலையில். இன்று நம் சத்தியமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டங்களுக்கு அதிகாலை இரண்டு மூன்று மணிக்குப் போனால் இதே காட்சியைக் காணலாம். மொட்டு விரியுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டுமே! பெண்களின் நெற்றியில் பேட்டரி விளக்கு. இரு கைகளும் செடியில்.

நெற்றி விளக்கு என்றதும் பழைய கல்யாண ஊர்வலங்கள் நினைவுக்கு வராமற் போகாது. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து வரிசையாக நடப்பார்கள். அதில் வெண்ணிறமாக ஒளிர்ந்த 'மேண்டில்' பின்னலாடை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய பொருள். அது ஒரு பின்னல் துணிப் பை. நூலால் குழல்போல் பின்னி, தோரியம், சீரியம் உப்புகளில் நனைத்துச் செய்வது. முதல் முறை கொளுத்தும்போது நூல் எரிந்துபோய், பின்னலின் வடிவத்திலேயே ஆக்சைடுக் கூடு மிஞ்சும், ஒளிர்வது அக்கூடுதான். ஆஸ்திரியாவின் ஔவர் 1885-இல் இம்முறையை உருவாக்கினார். அதற்கான தோரியத்தைத் தரும் மோனசைட் மணலை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் அடையாளம் கண்டது எங்கே தெரியுமா? இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சியில். ஆனால் இந்தத் தலைவிளக்கு ஊருக்கெல்லாம் ஒளி தந்தது. சுமந்தவருக்கு அதில் கிடைத்தது பாரமும் சூடும்தான்.

ஒரு ஷிப்டு ஒளி

கார்பைடு விளக்குக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது திறந்த சுடர். உலோகச் சுரங்கங்களில் பெரும்பாலும் எரிவாயு இல்லாததால் அங்கே அது நெடுங்காலம் நிலைத்தது. நிலக்கரிச் சுரங்கத்திலோ கரி அடுக்கிலிருந்து மீதேன் கசியும். 1912 மார்ச்சில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஜெட் என்னுமிடத்தில் நேர்ந்த சுரங்க வெடிப்பில் 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மீட்புப் பணியைக் கண்ட ஜான் ரயன், ஜார்ஜ் டைக் என்னும் இரு பொறியாளர்கள் 1914-இல் சுரங்கக் காப்புக் கருவிகளுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, தாமஸ் எடிசனை நாடினார்கள்.

எடிசன் செய்து கொடுத்த விளக்கைக் கவனியுங்கள். இடுப்புக் கச்சையில், மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல்-இரும்பு மின்கலம். அதிலிருந்து முதுகின் வழியே ஒரு கம்பி வடம். தொப்பியின் முன்னே சிறு மின்குமிழ். நம் வீட்டுக் குண்டு பல்போடு ஒப்பிட்டால் அதன் ஒளி மிக எளியது. எடிசனும் அந்த இருவரும் விடாப்பிடியாக நின்றது வேறோர் எண்ணில். 12 மணி நேரம் தளராமல் எரிய வேண்டும் என்பதே அது. சுரங்கத்துக்குள் இறங்கியவன் ஒரு ஷிப்டு முடித்து ஏறி வரும்வரை விளக்கு அணையக் கூடாது. இரவு ஷிப்டு என்றால் என்னவென்று அறிந்த எங்கள் ஊர் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மலைக்கு வந்தது

மலையேறிகள் கைக்கு முதலில் வந்தது டார்ச்சு. 1866-இல் லெக்லாஞ்சே செய்த ஈர மின்கலத்தை 1886-இல் கார்ல் காஸ்னர் உலர் மின்கலமாக்கினார். 1899-இல் டேவிட் மிசெல் குழல் வடிவக் கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் 'எவரெடி' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய விளக்கு அது. இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். அந்த மின்கலங்களைச் செய்த நிறுவனமும், கால்சியம் கார்பைடு செய்து பெயரிலேயே அதைத் தாங்கிய நிறுவனமும் 1917-இல் ஒன்றிணைந்தன. நெற்றி விளக்கின் பழைய எரிபொருளும் புதிய மின்கலமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. அந்த யூனியன் கார்பைடின் பெயரை 1984 டிசம்பருக்குப் பின் போபாலை நினையாமல் நாம் சொல்ல முடிவதில்லை.

1924 ஜூனில் மல்லோரியும் இர்வினும் எவரெஸ்ட் உச்சி நோக்கிக் கடைசிக் கூடாரத்திலிருந்து புறப்பட்டார்கள், திரும்பவில்லை. 1933-இல் சென்ற அடுத்த குழு அந்தக் கூடாரத்தின் எச்சங்களைக் கண்டது. உள்ளே ஒரு மடக்கு மெழுகுவர்த்தி விளக்கும் ஒரு டார்ச்சும் கிடந்தன. பொத்தானை அழுத்தியதும் டார்ச்சு எரிந்தது! ஒன்பது ஆண்டுகள் கழித்து! மின்கலத்துக்குள் தானாக நிகழும் வேதிச் சிதைவு கடுங்குளிரில் மிக மெதுவாகிவிடுகிறது என்பதே இதற்குக் காரணம். அவர்கள் இருவரும் இருட்டில் இறங்கினார்களா, வேறு விளக்கு கொண்டு சென்றார்களா என்பது மலையேற்ற வரலாற்றில் தீராத விவாதம். எப்படியாயினும் ஒரு நல்ல விளக்கு கூடாரத்திலேயே தங்கிவிட்டது. கையில் பிடிக்க வேண்டிய பொருளை மனிதன் விட்டுச் செல்வான். தலையில் கட்டிய பொருளை விட்டுச் செல்வது கடினம்.

மின்கலத்தை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றியவர் பிரான்சில் கிரெனோபிள் அருகே வாழ்ந்த பெர்னாண்ட் பெட்ஸல் என்னும் கைவினைஞர். குகைகளுக்குள் இறங்கி ஆராய்வதில் தேர்ந்தவர். கயிற்றில் தொங்கும்போது இடுப்பிலிருந்து தலைக்கு ஓடும் வடம் எதிலாவது சிக்கும், சிக்கினால் ஆபத்து. 1973-இல் விளக்கு முன்நெற்றியிலும் மின்கலம் பின்னந்தலையிலுமாக, முழுவதும் தலையிலேயே அமரும் விளக்கை அவருடைய பட்டறை வெளியிட்டது. இரண்டையும் இணைத்தது ஓர் எலாஸ்டிக் நாடா. ஆனால் குமிழ் இழைக் குமிழாகவே இருந்தது. ஒரு வாட் மின்திறனுக்குப் பத்து லூமென் கிடைத்தால் பெரிது. மற்றதெல்லாம் வெப்பமாகப் போகும்.

அந்த வீணடிப்பை ஒழித்தது எல்.ஈ.டி. என்னும் ஒளியுமிழ் இருமுனையம். 1962-இல் நிக் ஹோலொன்யாக் சிவப்பு ஒளி தருவதைச் செய்தார். வெள்ளொளிக்கு நீல ஒளி தேவை. அது கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் அகசாகி, அமானோ இருவரின் உழைப்பும், நிச்சியா நிறுவனத்தில் நகமுரா 1993-இல் கண்ட வெற்றியும் வழி திறந்தன. 1996-இல், நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர்ப் பூச்சைச் சேர்த்து வெள்ளை எல்.ஈ.டி. விற்பனைக்கு வந்தது. 2000-இல் பெட்ஸல் நிறுவனமே எல்.ஈ.டி. நெற்றி விளக்கை வெளியிட்டது. 2014-இல் மூன்று ஜப்பானிய அறிஞர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு வாட்டுக்கு நூறு லூமென் சாதாரணம். இழைக் குமிழைப்போல் பத்து மடங்கு!

இந்தப் பத்து மடங்கை நாம் என்ன செய்தோம்? சுரங்கத்து மனிதன் என்றால் அதை நேரமாக மாற்றியிருப்பான். கடைகளில் அது வெளிச்சமாக மாறிவிட்டது. 300 லூமென், 500 லூமென், 1,000 லூமென் என்று ஏலம்போல் ஏறுகிறது.

பெட்டியில் எழுதியதைப் படித்தல்

2009-இல் அமெரிக்காவில் கைவிளக்குகளுக்கென ஒரு தரமுறை வகுத்தார்கள். நல்ல விளக்குகளின் பெட்டியில் 'எப்.எல். 1' என்று குறித்திருக்கும். அதன்படி, எரியும் நேரம் என்பது தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். மீண்டும் ஒரு முறை படியுங்கள். பெட்டியில் '400 லூமென், 40 மணி நேரம்' என்று இருந்தால் 40 மணி நேரமும் 400 லூமென் வரும் என்று பொருளன்று. முதல் ஒரு மணிக்குப் பிறகு 60 லூமெனுக்கு இறங்கி, மீதி நேரமெல்லாம் அப்படியே ஊர்ந்தாலும் அந்தக் கூற்று பொய்யாகாது.

ஏமாறாமல் இருக்க ஒரு கூட்டல் பெருக்கல் போதும். முடி வெட்டும் கருவியிலும் கடிகாரத்திலும் போடும் மெல்லிய 'ட்ரிபிள் ஏ' அல்கலைன் மின்கலம் ஒன்றில் ஏறக்குறைய 1.7 வாட்-மணி ஆற்றல் உண்டு. மூன்று போட்டால் 5 வாட்-மணி. வாட்டுக்கு நூறு லூமென் வீதம் 500 லூமென்-மணி. இந்த முதலை எப்படியும் செலவழிக்கலாம். 500 லூமெனாக ஒரு மணி நேரம். 100 லூமெனாக ஐந்து மணி நேரம். 50 லூமெனாகப் பத்து மணி நேரம். மலிவான துத்தநாக-கார்பன் மின்கலம் போட்டால் இதில் பாதிகூடத் தேறாது. மின்னேற்றக்கூடிய லித்தியம்-அயனி மின்கலம் என்றால் அதன் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். விரல் பருமனுள்ள '18650' வகை, 3.7 வோல்ட், 3 ஆம்பியர்-மணி என்றால் 11 வாட்-மணி. இயற்பியலை மீறிய வாக்குறுதி எதுவானாலும் இந்தக் கணக்கில் அகப்பட்டுக்கொள்ளும்.

சரி, படியேற எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? 50 லூமென் ஒளி 60 பாகைக் கூம்பாக விரிகிறது என்று கொள்வோம். அதன் செறிவு சுமார் 60 காண்டெலா. மூன்று மீட்டர் தொலைவில் உள்ள படியில் விழும் ஒளியை அறிய, தொலைவின் வர்க்கமான 9-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 6½ லக்ஸ் வருகிறது. பௌர்ணமி நிலவு தருவதோ கால் லக்ஸ். நம் முன்னோர் அந்த நிலவொளியை நம்பித்தான் சித்திரா பௌர்ணமிக்கு மலை ஏறினார்கள். அதைப்போல் 25 மடங்கு உங்கள் காலடியில் விழுகிறது. இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கி ஆறு மணிக்கு விடிவதானால் 8 மணி நேர இருள். 50 லூமென் வீதம் 400 லூமென்-மணி. மூன்று சிறு மின்கலங்களின் 500-க்குள் அது அடங்கிவிடுகிறது. வெளிச்சத்தை நான்கு மடங்காக்கினாலும் நம் கண் அதை நான்கு மடங்காக உணர்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொலைவில் பாதை பிரியும் இடத்தைத் தேடவோ, புதரில் அசைவதைப் பார்க்கவோ குவிந்த கற்றை உதவும். சில நொடிகளுக்கு மட்டும். பெட்டியில் காண்டெலா எண் இருந்தால் அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். ஒளி பௌர்ணமி அளவுக்குத் தேயும் தொலைவு மீட்டரில் கிடைக்கும். 900 காண்டெலாவுக்கு 60 மீட்டர். விரிந்த ஒளி, குவிந்த ஒளி இரண்டும் தனித்தனியே எரியக்கூடிய விளக்காகப் பார்ப்பது நல்லது.

நெற்றி விளக்குக்கே உரிய ஒரு குறையைப் பெட்டியில் எழுதமாட்டார்கள். விளக்கும் கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருப்பதால், பொருள்களின் நிழல் அவற்றின் பின்னாலேயே மறைந்துவிடுகிறது. நிழல் இல்லையேல் மேடு பள்ளம் தெரியாது. படிகள் தட்டையாகத் தோன்றும். மேலே பனிமூட்டம் சூழ்ந்தால் இன்னும் மோசம். ஒளி நீர்த்திவலைகளில் பட்டுச் சிதறி நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. முன்னே வெள்ளைச் சுவர் எழுந்ததுபோல் இருக்கும். அப்போது பலர் செய்வது வெளிச்சத்தைக் கூட்டுவது. சுவர் இன்னும் வெளுக்கும்! செய்ய வேண்டியது, விளக்கைக் கழற்றி இடுப்பளவில் கட்டிக்கொள்வதுதான். ஒளி தாழ்விலிருந்து சாய்வாக விழ, நிழல்கள் திரும்பி வரும்; படிகள் மீண்டும் படிகளாகும்.

எதிரே இறங்கி வருபவரின் கண்ணையும் எண்ணிப் பாருங்கள். இருளுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகிறது. விழித்திரையின் கோல் செல்களில் ரொடாப்சின் என்னும் நிறமி மெதுவாகத்தான் சேர்கிறது. 500 லூமென் விளக்கோடு ஒருவர் முகத்தை ஒரு நொடி ஏறிட்டுப் பார்த்தால் அது அத்தனையும் வெளுத்துவிடும். அவர் அடுத்த பத்துப் படிகளைக் குருடராக இறங்குவார். சிவப்பொளி இந்த நிறமியை மிகக் குறைவாகவே சிதைக்கும். ஆகவே சிவப்பு விளக்கும் உள்ள வகையை வாங்கினால், சுனையருகே உட்கார்ந்து இளைப்பாறும் நேரத்துக்கு அது போதும்.

பழைய இழை டார்ச்சில் ஒரு நற்குணம் இருந்தது. மின்கலம் தளரத் தளர இழையின் வெப்பம் குறைந்து ஒளி மஞ்சளாகும், பின்னர் சிவக்கும். இன்னும் அரை மணிதான் என்று அதுவே சொல்லிவிடும். இன்றைய விளக்குகள் பலவற்றில் உள்ள மின்சுற்று கடைசிவரை ஒரே அளவில் ஒளியைக் காத்து, பின் சட்டென்று கைவிடும். மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் குறி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மழைக்கு 'ஐ.பி.எக்ஸ். 4' என்ற குறி போதுமானது. எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று அதற்குப் பொருள்.

கடைசியாக நாடா. அதைப் பற்றிச் சொல்ல எங்கள் ஊருக்கு உரிமை உண்டு. பனியன் தொழிலோடு எலாஸ்டிக் நாடா நெய்யும் தறிகளும் இங்கே பெருகியவை. ரப்பர் நூலுக்கு வியர்வையும் வெயிலும் பகை. இரண்டு பருவம் போனால் இழுவை தளர்ந்து, விளக்கு மூக்கின் மேல் வந்து உட்காரும். இழுத்துவிட்டுப் பாருங்கள். பழைய நீளத்துக்குத் திரும்பவில்லையென்றால், விளக்கை எறிய வேண்டாம். நாடாவை மாற்றினால் போதும். நம் கடைவீதியில் அது மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

இவ்வளவு கணக்கும் எதற்கு என்று கேட்பீர்களானால், 2018 மார்ச் 11-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் ஒன்று சென்னையிலிருந்து சென்றது. மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதியினரைக் கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் துயரத்துக்குக் காரணம் விளக்கன்று. பிற்பகலிலேயே மூண்ட தீ. ஆனால் பொழுது சாய்ந்தபின் சரிவுகளில் தேடிச் சென்று, காயம்பட்டவர்களைத் துணியிலும் போர்வையிலும் ஏந்தி இறக்கியவர்கள் உள்ளூர் மக்களும் காவலர்களும் தீயணைப்பாளரும் வனத்துறையினரும். சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர்கள் தங்கள் பணியைத் தொடர விடியலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவரைச் சுமந்து இறங்குபவனுக்கு இரு கைகளும் வேண்டும். அவன் விளக்கு விடியும்வரை எரியவும் வேண்டும்.

விளக்கு வாங்கிய பிறகு, மலைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். இருட்டறையில் புது மின்கலங்களைப் போட்டு, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விளக்கை நிறுத்துங்கள். வெளிச்சத்தை நடுத்தர அளவில் வையுங்கள். ஒளியை அளக்கும் செயலி ஒன்றைச் செல்பேசியில் இறக்கிக்கொண்டு, ஒளி விழும் இடத்தில் அதைப் பிடித்து, அரை மணிக்கு ஒரு முறை லக்ஸ் எண்ணைக் குறியுங்கள். செயலியின் எண் மிகத் துல்லியமாக இராது. நமக்கு வேண்டியது அது எப்படிக் குறைகிறது என்பது மட்டுமே. கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் லக்ஸ் என்று வரைபடத் தாளில் புள்ளிகளை இடுங்கள். சில விளக்குகளின் கோடு முதல் மணியிலேயே செங்குத்தாக விழும். சிலவற்றின் கோடு மேசைபோல் நெடுந்தூரம் சென்று திடீரென முறியும். தொடக்க அளவில் பாதிக்குக் கோடு இறங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு குறியிட்டு, அது எத்தனையாவது மணி என்று பாருங்கள். எட்டுக்குக் குறைவாக இருந்தால் இன்னொரு தொகுதி மின்கலங்களைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; அவற்றை இருட்டில், விரல்களால் தடவியே மாற்றுவதற்கு வீட்டிலேயே இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள்.